அக்கா, உன் ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டார்கள்

என் ஸ்டெல்லாக்கா,

அமல் மாமாவுக்கு மறுபடியும் கல்யாணம் ஆகிவிட்டது. இதைச் சொல்லத்தான் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனையோ தடவை வந்தேன். மெழுகுவத்தி ஏற்றினேன், சிலுவையைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கினேன், காற்றில் அணைந்த திரியைத் திரும்பக் கொளுத்தினேன். வாய் மட்டும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது உன் பெயர் வெட்டிய கல் எதிரில் இருக்காது பார்.

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்வதாக இருந்தாலும் முழுவதும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

நீ போனதையே நான் இன்னும் நம்பி முடிக்கவில்லை. ஆடி மாதத்துச் சனிக்கிழமை அது. எனக்குக் கம்பெனியில் அரை நாள். டைப் அடித்த கையோடு நேரே அம்பத்தூரில் உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து மாமாவுக்கு மஃப்ளர் பின்னிக்கொண்டிருந்தாய். ஜெனி கீழே கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வா ரோசி. சோறு இருக்கு, கொழம்ப மட்டும் சுட வச்சுக்கோ. எனக்குக் காலைலேர்ந்து தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. இங்க பாரு, லூப்ப விட்டுட்டேன்."

நீயாவது, ஊசியிலிருந்து நூலை நழுவ விடுவதாவது! "வயசாயிடுச்சுக்கா உனக்கு" என்று சிரித்தேன். முப்பத்திரண்டு வயசு உனக்கு. குழம்பைச் சுடவைத்துத் தட்டோடு வந்தபோது நீ சுவரில் சாய்ந்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைத்தேன். அப்புறம் நான் சாப்பிட்டேன் அக்கா. உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வத்தக்குழம்பு நன்றாக இருக்கிறதென்று இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஜெனிதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "அம்மா வாய் ஏன் சித்தி கோணலா இருக்கு?"

ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னென்னவோ சொன்னார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார். வேறு யாருக்கோ சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோலக் கேட்டேன். கையைப் பார்த்தால் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கை கழுவாமலேயே ஆட்டோ ஏறியிருக்கிறேன். அதுதான் அப்போது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது, நம்புவாயா?

அன்று சாயங்காலம் உன்னை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்னால் பெரியம்மா கட்டிலை ஒழித்துப்போட்டார். மஃப்ளரில் குத்தியிருந்த ஊசிகளைச் சர்ரென்று உருவித் தனியாக வைத்துவிட்டு, பின்னலைச் சுருட்டினார். ஊசி போன இடத்தில் லூப்பெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அதைப் பார்த்துத்தான் நான் முதன்முதலாக அலறினேன். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

உன்னைப் பற்றித் தெரியாதவர்களிடம் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். மெட்ராஸில் ஸ்வெட்டர் பின்னுகிற பொம்பளையா என்று கேட்கிறார்கள். அப்பா ஆவடியில் வேலை பார்த்தபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த பட்டாளத்துக்காரரின் பெண்சாதி, அந்தப் பஞ்சாபி அக்கா, உனக்குப் பத்து வயதில் கையில் ஊசியைக் கொடுத்தாள். நீ அதை அப்புறம் கீழே வைக்கவே இல்லை. எனக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாய். என் கை வேர்த்து நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டது. "உனக்கு டைப் மெஷின்தான்டி சரி" என்று விட்டுவிட்டாய்.

உன் தெருவில் எந்தப் பெண்ணாவது காலையில் குழாயடியில் வாந்தி எடுத்தால் போதும், மறுநாள் உன் கையில் குட்டி சாக்ஸ் ஏறிவிடும். மாமியாருக்கே தெரியாத சேதி உன் கலர் நூலைப் பார்த்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும். பால்காரருக்குக் குரங்குக் குல்லா, பேப்பர் போடுகிறவருக்கு மஃப்ளர். பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து நீ பின்னுவதைப் பார்த்து ஒரு கண்டக்டர், "இன்னாமா, ஊரே வெந்துகினு கீது, ஸ்வெட்டர் யாருக்குமா?" என்று கிண்டல் பண்ணினாரே. "உனக்குத்தான்யா, மார்கழில முதல் வண்டி ஓட்டுவ இல்ல" என்று சொன்னாய். சொன்னபடி மார்கழியில் கொண்டுபோய்க் கொடுத்தாய். அந்த மனிதர் டிக்கெட் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே அதை மாட்டிப் பார்த்தார்.

நம்முடைய ஃபாதர் ஒரு ஞாயிறு உன்னைக் கூப்பிட்டு, "ஸ்டெல்லா, பிரசங்க நேரத்துலயாவது ஊசியப் பைக்குள்ள வைக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். நீ தலையை ஆட்டிவிட்டு வந்தாய். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கே கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று பின்னிக் கொடுத்தாய். அங்கிக்கு உள்ளே அதைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துப் பூசை வைத்தார் பாவம். பீடத்தில் அவர் முகத்தைத் துடைக்கும்போதெல்லாம் நீ சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

இவ்வளவு செய்தாலும் உன் உயிர் ஜெனியின் ஸ்வெட்டரில்தான் இருந்தது. அவள் பிறந்த பனிக்காலத்தில் வெள்ளை நூலில் போட்டது. ஒவ்வொரு கார்த்திகையிலும் அதை முழுசாகப் பிரிப்பாய், நூலை அலசிக் காயவைப்பாய், புதுசாக ஒரு கலர் வாங்கிச் சேர்த்து அவள் அளவுக்குப் பெரிதாகப் போடுவாய். வெள்ளையோடு மஞ்சள் சேர்ந்தது, பச்சை சேர்ந்தது, நீலம் சேர்ந்தது. அந்தப் பிறந்த வருஷத்து வெள்ளை இன்னும் அதில் கழுத்தோரமாக ஓடுகிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு பந்தியில் போய்க்கொண்டிருந்தேன். பெரியப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார், "எதுக்கு வெளியில தேடணும்? ரோசியவே அமலுக்குக் குடுத்துடலாம். புள்ளைக்கும் கஷ்டமில்ல."

காலையில் உன் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது, இந்தப் பேச்சு அம்மாவுக்குப் புதிதில்லை என்று. பெற்ற தாய் ஒரு மகளைப் புதைத்த இடத்திலேயே இன்னொருத்தியை நட்டுவிடலாம் என்று எப்படி நினைத்தாள்? இன்றுவரை நான் அதை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள்.

மாமாதான் காப்பாற்றினார். "ரோசி என் தங்கச்சி. இன்னொரு வாட்டி இந்தப் பேச்ச யாரும் எடுக்காதீங்க" என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பின்கட்டில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

டிசம்பரில் பனி விழத் தொடங்கியதும் ஜெனி பீரோவைத் திறந்து அவளே ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கை சற்று மேலேறியிருந்தது. உன்னைப் போலவே பட்டனைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். கிறிஸ்துமஸுக்குப் போட்டாள், பொங்கலுக்குப் போட்டாள். பனிக்காலம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. மாசி வந்தது, கழற்றவில்லை. பங்குனி வந்தது, கழற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கழற்றச் சொன்னபோது பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாளாம்.

குளிக்கும்போது மட்டும் கழற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் கொடியில் போடுவாள். ஈர உடம்போடு மறுபடி மாட்டிக்கொள்வாள். துவைக்கக்கூட விடவில்லை. அம்பத்தூர் வெயில் உனக்குத் தெரியாததா? அவள் முதுகெல்லாம் வேர்க்குரு. அது புடைத்துக் கட்டியாகிச் சீழ் வைத்தது. டாக்டரிடம் தூக்கிப்போனோம். "படிச்சவங்கதானே நீங்க? இந்த வெயில்ல புள்ளைக்குக் கம்பளியா போட்டு வச்சிருக்கீங்க?" என்று அவர் மாமாவிடம் கத்தினார். மாமா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது மெதுவாகக் கழற்றிவிடலாம் என்று பட்டனில் கை வைத்தேன். கண்ணைத் திறந்தாள். என் மணிக்கட்டைக் கடித்தாள் அக்கா. விளையாட்டுக் கடி இல்லை, ரத்தம் வருகிற கடி. ஒன்பது வயதுக் குழந்தை, நான் தூக்கி வளர்த்த குழந்தை, என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதன் பிறகு நானும் விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் மாமா அம்மாவிடம் வந்து கல்யாணப் பேச்சை எடுத்தார். பெண்ணுக்கு முத்தாபுதுப்பேட்டை. பெயர் பிலோமினா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய் முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டாள். தவக்காலம் முடியட்டும் என்று காத்திருந்து, ஈஸ்டர் முடிந்த கையோடு காலைப் பூசையில் மேளதாளம் இல்லாமல் கட்டிக்கொண்டார். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பந்தியில் எழுந்து நின்ற மாமாவின் மேல் எனக்கு வந்த மரியாதையெல்லாம் அன்றோடு போயிற்று. ஒரு வருஷம்கூட உன்னால் பொறுக்க முடியவில்லையா மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன்.

அடுத்து வந்தது பெயர்ப் பிரச்சினை. "சித்தின்னு கூப்புடு கண்ணு" என்று பெரியம்மா ஜெனிக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் சித்தி என்றால் அப்போது நான் யார்? பிறந்ததிலிருந்து எனக்கென்று இருந்த ஒரே சொல் அது. ஜெனி இரண்டு பேருக்கும் வம்பில்லாமல் வேறு வழி கண்டுபிடித்தாள். புது அம்மாளை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்பாள். "இந்தாங்க, தண்ணி வேணும்." "இந்தாங்க, அப்பா கூப்புடுறாரு." பிலோமினாவும் அதற்கே திரும்பிப் பழகிக்கொண்டாள்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெனியைப் பார்த்து வரலாம் என்று காட்டுப்பாக்கத்தில் நம் வீட்டிலிருந்து கிளம்பி, பூந்தமல்லியில் பஸ் மாறி அம்பத்தூர் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பிலோமினா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் உன் ஸ்வெட்டர். அதில் ஒரு கை இல்லை. தோள்வரை பிரிந்து, இழுக்க இழுக்க நூல் வளைந்து வளைந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் பாய்ந்தேன். "யாரைக் கேட்டு இதத் தொட்டீங்க? எங்கக்கா போட்டது இது! வீட்டுக்கு வந்தீங்க, கட்டில் உங்களுது, பாத்திரம் உங்களுது, இதுவுமா?" என்று கத்தி ஸ்வெட்டரைப் பிடுங்கினேன். "இரு ரோசி, இரு, நூலு அறுந்துடப் போவுது" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நூல் பட்டென்று அறுந்தது.

"அறுத்துட்டீங்களா சித்தி? எங்கம்மா நூல அறுத்துட்டீங்களா?"

குரல் வந்த பக்கம் பார்த்தேன். ஜெனி கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தாள். பிரித்த நூல் அந்தக் கைகளில் வளையமாகச் சுற்றியிருந்தது. மேலே வெறும் பெட்டிகோட். எத்தனையோ மாதம் கழித்து அவள் தோளை அன்றுதான் பார்த்தேன். கட்டி உடைந்த தழும்பும் களிம்பும் அப்பிய அந்தச் சின்னத் தோள்.

"நான்தான் பிரிக்கச் சொன்னேன்! நீங்க ஏன் வந்து பிடுங்குறீங்க?" அவள் கதறினாள். கையில் நூல் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல் அப்படியே கையை நீட்டிக்கொண்டு அழுதாள்.

பிலோமினா எழுந்து வந்து அறுந்த நுனி இரண்டையும் தேடி எடுத்தாள். "ஒன்னும் ஆவல கண்ணு. முடிச்சு போட்டுக்கலாம். உள்பக்கம் வந்துட்டா தெரியாது, நீதானே சொன்ன?" என்றாள். என்னைப் பார்த்து, "குந்து ரோசி. வெயில்ல வந்திருக்க. மோர் கொண்டாறேன்" என்றாள். அவ்வளவு பேசியதற்கு அவள் எனக்கு மோர் கொடுத்தாள் அக்கா.

சமையற்கட்டில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "கயட்டுன்னு நான் ஒரு வாட்டிகூடச் சொல்லல ரோசி. கை ரொம்ப இறுக்குதே, அடுத்த வருசம் இதுக்குள்ள எப்படிப் பூந்துக்குவ நீன்னுதான் கேட்டேன். எங்கம்மா பிரிச்சுப் பெருசாப் போடுவாங்கன்னுச்சு. எனக்கு அந்த வேலை தெரியாதே, நீ சொல்லிக் குடுத்தா போட்டுத் தரேன்னேன். அப்புறம் ரொம்ப நாளு பேசவேயில்ல. இன்னிக்குக் காலைல குளிச்சிட்டு வந்து, அதுவாவே கொண்டாந்து என் மடில வச்சிட்டுச்சு. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அது காட்டுச்சு, இந்த முடிச்சத்தான் அம்மா மொதல்ல அவுப்பாங்கன்னு."

நான் மோர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருஷா வருஷம் நீ பிரிப்பதைப் பார்த்தவள் நான். டாக்டருக்குத் தோன்றவில்லை, மாமாவுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் அதைக் கழற்றத்தான் பார்த்தோம். அந்தக் குழந்தை எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று யாராவது ஒருவர் கேட்டோமா?

மாமா சாயங்காலம் வந்தார். கொடியில் நனைந்த நூல் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெனி பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் சைக்கிளைக்கூட நிறுத்தாமல், அதைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு சைக்கிளோடு திரும்பித் தெருக்கோடிவரை போய்விட்டு வந்தார். வந்தபோது முகம் கழுவியிருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஜெனிக்கு நேராகப் பின்னவும் திருப்பிப் பின்னவும்தான் தெரியும். பிலோமினாவுக்கு அதுவும் தெரியாது. மாத்திரை அட்டையை அடுக்கி அடுக்கி வேகம் பழகிய கை, ஊசியைப் பிடித்தால் தூணைப் பிடிப்பதுபோல இறுக்கும். "இப்படி இழுத்தா மூச்சு முட்டும்ங்க, லூசா விடுங்க" என்று ஜெனி அதட்டுவாள். அப்படியே உன் குரல். அதைக் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

புது நூல் வாங்க அவர்கள் இரண்டு பேரையும் நான்தான் ஆவடிக்குக் கூட்டிப்போனேன். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, அக்காவ ஆளையே காணோம்? ஊர் மாறிப் போய்ட்டாங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சொன்னேன். நூல் உருண்டையை எடுக்க ஏணியில் நின்றிருந்தவர் அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "போன ஆடிக்கு முன்னாடிகூட வந்து மஃப்ளருக்கு எடுத்துட்டுப் போனாங்களேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெனி செங்கல் சிவப்பில் இரண்டு உருண்டை எடுத்தாள். அக்குளுக்கும் கழுத்துக்கும் எப்படி லூப்பைக் குறைத்து வரவேண்டும் என்று கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்து காட்டிக்கொடுத்தார். பிறகும் சந்தேகம் வந்தபோதெல்லாம் போய்ப் போய்க் கேட்டோம்.

முதலில் கழுத்து சின்னதாகப் போய், ஜெனியின் தலை நுழையவில்லை. பிரித்தார்கள். மறுபடி போட்டபோது ஒரு கை நீளமாக வந்தது. அதையும் பிரிக்கலாம் என்றாள் பிலோமினா. "வேணாம், மடிச்சு விட்டுக்கறேன்" என்றாள் ஜெனி. இந்தக் கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளே கழற்றி, மடித்து, பீரோவில் வைத்தாள். வைத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். நானும் பிலோமினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன் அக்கா. ஆனால் நேற்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியும் நான் உன்னிடம் மறைத்தவளாவேன்.

பொங்கல் கழித்து அம்மாவைப் பார்க்க மூன்று பேரும் காட்டுப்பாக்கம் வந்திருந்தார்கள். மாமாவுக்கு ஷிஃப்ட் என்று அவர் முன்னாலேயே போய்விட்டார். பிலோமினாவையும் ஜெனியையும் பஸ் ஏற்றிவிட நான் பூந்தமல்லிவரை கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. "கொய்யாப்பழம் வாங்கியாறேன், புள்ளையப் புடிச்சுக்கோ" என்று பிலோமினா எதிர்ப்பக்கம் போனாள். அவள் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பஸ் ஒன்று பின்பக்கமாக வரத் தொடங்கியது. விசில் கொடுக்க ஆளில்லை. கூட்டத்து இரைச்சலில் அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை.

"அம்மா!"

ஜெனி என் கையை உதறிக்கொண்டு அலறினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பார்த்தேன். உன்னைத் தேடினேன் அக்கா. அந்தக் கூட்டத்தில் உன் நீல வாயில் புடவை எங்கே என்று ஒரு நொடி நிஜமாகவே தேடினேன்.

பிலோமினா திரும்பவில்லை. அந்தச் சொல் தனக்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளை அப்படிக் கூப்பிட்டவர் இந்த உலகத்தில் யாரும் இல்லையே.

"அம்மா! பஸ்ஸு! பின்னாடி பஸ்ஸு!"

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் எட்டி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "உன் பொண்ணு அந்தக் கத்து கத்துது, காது கேக்கலியா உனக்கு?" என்று வைதாள். கூட்டம் பஸ்ஸின் முதுகில் தட்டி நிறுத்தியது. பழங்களெல்லாம் தரையில் உருண்டன. பிலோமினா பஸ்ஸைப் பார்க்கவில்லை, பழத்தைப் பார்க்கவில்லை. ஜெனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

நான் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டியவள், அவர்களோடேயே ஏறி அம்பத்தூர்வரை போனேன். அவளை எப்படித் தனியாக அனுப்புவது? பிலோமினா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி முழுக்க அழுதாள். ஜெனி நடுவில் உட்கார்ந்திருந்தாள். வானகரம் தாண்டியதும் என் காதருகில் வந்து, ரகசியமாக, பயந்து பயந்து கேட்டாள்.

"சித்தி, நான் இவங்கள அப்படிக் கூப்ட்டத அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கல்லறைக்குப் போறப்போ சொல்லிடாதீங்க, என்ன?"

நான் என்ன பதில் சொல்லட்டும், நீயே சொல். "அம்மா உன்னத் திட்டமாட்டாங்கடா" என்று சொன்னேன். "நிச்சயமா?" என்றாள். "நிச்சயமா" என்றேன். உன்னைக் கேட்காமல், உன் பெயரில், நானாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் என் தோளில் சாய்ந்து, பஸ் நிற்கும்வரை தூங்கினாள்.

அவள் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். வேறு யார் மூலமாவது இது உன் காதுக்கு வரக்கூடாது என்றுதான். உனக்கு வலிக்கிறதா? எனக்கு நேற்றிலிருந்து வலிக்கிறது. அந்தப் பஸ் இன்னும் ஒரு அடி வந்திருந்தால் என்று நினைத்தாலும் வலிக்கிறது. எது எந்த வலி என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உனக்கு உறுதியாகச் சொல்கிறேன். உன் மகள் அவளை அம்மா என்று கூப்பிட்டால் நான் முகம் சுளிக்க மாட்டேன், திருத்த மாட்டேன், யாரையும் திருத்தவும் விட மாட்டேன். போன கல்லறைத் திருநாளுக்குப் பிலோமினா பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு எங்களோடு வந்தாள். "நீங்க போய்ட்டு வாங்க, அவங்களுக்கு எப்படியோ" என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். அடுத்த தடவை அவள் கையைப் பிடித்து நான் உள்ளே கூட்டி வருவேன். உன் பக்கத்தில் உட்காரவைப்பேன். உனக்கு அவளைக் காட்டுவேன், அவளுக்கு உன்னைக் காட்டுவேன்.

அன்றைக்கு நீ அவளை ஒன்றும் சொல்லாதே, என்ன?

உன்னோடு பிறந்த தங்கச்சி,
ரோஸ்லின்